பள்ளித் தலைமை: உடைமையன்று, அறங்காவல்

கோயிலில் அறங்காவலராகப் பொறுப்பேற்பவர் அக்கோயிலின் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை. இறைவனுக்குரிய நகைகளின் பட்டியல் அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. பொறுப்பினின்று விலகும் நாளில், அப்பட்டியலில் ஒரு குன்றிமணியும் குறையாமல் அவர் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். தம் காலத்தில் கோபுரத்துக்கு எத்தனை வண்ணம் பூசினார், திருவிழாவுக்கு எத்தனை வாழை கட்டினார் என்பன பிறகு பேசப்படுபவை. நகைக் கணக்கு நேராக இல்லையெனின், வண்ணமும் வாழையும் அவரைக் காப்பாற்றா.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் பதவியும் இத்தகைய அறங்காவலே. நிலமும் கட்டடமும், அரசாங்கம் தரும் மானியமும், பொதுமக்கள் தரும் நன்கொடையும் அவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இவற்றுக்குக் கணக்குப் புத்தகம் உண்டு, தணிக்கையாளர் உண்டு. ஆனால், இவை அனைத்தினும் அரிய பொருளொன்றும் அவர் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அது ஒரு குழந்தையின் ஆறாண்டுக் காலம். முதலாம் ஆண்டில் பெற்றோர் கைப்பிடித்து வந்து, ஆறாம் ஆண்டில் வெளியேறும் அக்குழந்தை எதைப் பெற்றுச் சென்றது என்னும் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் வந்து கேட்பதில்லை. கேட்பார் இல்லாத அக்கணக்கையே முதற்கணக்காகக் கொள்பவர்தாம் தலைமையாசிரியர். ஏனையோர் பதவி வகிப்போர் மட்டுமே.

இந்நாட்டு நகர்ப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் இந்த முதற்கணக்கு இன்று எந்த இடத்தில் நிற்கிறது? கசப்பாயினும் கேட்டாக வேண்டிய கேள்வி இது.

துரை போனார், துரைத்தனம் போயிற்றா?

தமிழ்ப்பள்ளியின் பிறப்பை எண்ணிப் பார்த்தல் இங்குப் பொருந்தும். தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்தம் பிள்ளைகளுள் 7 முதல் 14 வயதுக்கு உட்பட்டோர் 10 பேர் இருப்பின், அங்குப் பள்ளி அமைத்தல் தோட்ட நிருவாகத்தின் கடமை என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்தின் வாயை அடைப்பதற்காகப் பல தோட்டங்களில் எழுந்தது ஒரு கொட்டகை. அதில் எல்லா வகுப்புகளுக்கும் ஓர் ஆசிரியர். அப்பள்ளி துரையின் உடைமை. அவர் மனம் வைத்தால் கூரை வேயப்படும். மனம் மாறினால் ஒழுகும். பிள்ளைகள் படித்தார்களா என்பது அவருடைய கணக்கில் இடம்பெறவில்லை. ரப்பர்ப் பாலின் எடை இடம்பெற்றது.

1957இல் நாடு விடுதலை பெற்றபொழுது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், மக்கள் வெளியேறியும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டும் அத்தொகை குறைந்து, இன்று ஏறத்தாழ 530இல் நிற்கிறது. பள்ளிகளின் உடைமையும் ஆட்சியும் கைமாறின. துரையும் போனார். ஆயினும், பள்ளியைத் தன் விருப்பின்படி ஆளும் உடைமையுணர்வு, அதாவது துரைத்தனம், அவரோடு கப்பலேறிவிட்டதாகச் சொல்ல இயலுமா?

புதிய தலைமையாசிரியர் வருகிறார். முன்னவர் அமைத்த வாசிப்பு மூலை அகற்றப்படுகிறது. அவ்விடத்தில் செயற்கை நீரூற்று எழுகிறது. சுவரின் வண்ணம் மாறுகிறது. நுழைவாயில் இடிக்கப்பட்டு வேறொன்று கட்டப்படுகிறது. அதன் கல்லில் அவர் பெயர் பொறிக்கப்படுகிறது. ஐந்தாண்டு சென்று அவர் மாற்றலாகிறார் அல்லது ஓய்வு பெறுகிறார். அடுத்தவர் வருகிறார், நீரூற்று வறண்டு கொசு வளர்க்கிறது, மீண்டும் ஒரு வண்ணம், மீண்டும் ஒரு கல். இத்தனைக்கும் இடையில், முதலாம் ஆண்டில் எழுத்துக் கூட்டத் தடுமாறிய சிறுவன் ஆறாம் ஆண்டு முடித்து, அதே தடுமாற்றத்துடன் வெளியேறிவிடுகிறான். அவன் பெயரைப் பொறிக்க எந்தக் கல்லும் இல்லை.

இதற்கொரு காரணம் உண்டு. நுழைவாயில் மூன்று மாதத்தில் எழும். வாசிப்பு மூன்றாண்டில்தான் பயன் தரும். பணிக்காலம் குறுகியவர், தம் காலத்தில் கண்ணுக்குத் தெரிவதையே நாடுவது மனித இயல்பு. ஆனால், அந்த இயல்பை வெல்வதற்குத்தானே தலைமை என்று பெயர்!

ஒரே வகுப்பில் எத்தனை உலகம்!

நகர்ப்புறப் பள்ளி தோட்டப் பள்ளியினின்று வேறுபட்டது. தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள்; ஒரே பெரட்டுக்குச் சென்ற பெற்றோரின் பிள்ளைகள். 1980களிலும் 1990களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு வெளியேறியோர் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியேறினர். தோட்டப் பள்ளிகள் சிலவும் பெயர்ந்து, நகரின் புதிய குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன.

இன்று கிள்ளானிலோ பெட்டாலிங்கிலோ கோம்பாக்கிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். வழக்கறிஞரின் மகள் அங்கு இருக்கிறாள். அவள் வீட்டில் ஆங்கிலமே பேச்சு. அவளுக்கு அடுத்த இருக்கையில் இரவு வேலைக்குச் செல்லும் பாதுகாவலரின் மகன். காலையில் அவனை எழுப்ப வீட்டில் ஆளில்லை. பாட்டியுடன் தெலுங்கும் தாயுடன் தமிழும் பேசும் பிள்ளை ஒன்று. மலையாளம் பேசும் வீட்டினின்று வந்த பிள்ளை இன்னொன்று. பாலர்பள்ளியில் ஈராண்டு பயின்று, வரும்பொழுதே கதைநூல் படிக்கும் குழந்தையும் உண்டு. எழுதுகோலை முதன்முதலாகப் பிடிக்கும் குழந்தையும் உண்டு. பிறப்புப் பத்திரம் முறையாக அமையாமல், பள்ளி வாசலிலேயே தயங்கி நிற்கும் குழந்தையும் உண்டு. பெற்றோருள் ஒருவரேனும் மலேசியராக இருப்பின், ஆவணம் நிறைவுறாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் வகையில் 2019இல் வழிமுறை எளிதாக்கப்பட்டது. ஆயினும், வாசலில் நிற்கும் அத்தாயை அமர வைத்துப் படிவத்தை நிரப்பித் தருவதா, ‘எல்லாப் பத்திரமும் கொண்டு வா’ என்று திருப்பி அனுப்புவதா என்பது சட்டத்தின் கையில் இல்லை; தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது.

இவர்கள் அனைவரும் ஓராண்டிலேயே மூன்று மொழிகளையும் இரண்டு எழுத்து முறைகளையும் எதிர்கொள்கின்றனர். தமிழுக்குத் தமிழெழுத்து, மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ரூமி எழுத்து. இச்சுமையை வீட்டுத் துணையுடன் சுமக்கும் பிள்ளை நடந்துவிடும். துணையற்ற பிள்ளை தள்ளாடும். அது தள்ளாடும் முதலாண்டில் யார் கை கொடுக்கிறார் என்பதே ஒரு நகரப் பள்ளியின் தலைமைக்கு வைக்கப்படும் தேர்வு.

பதக்கமும் பாடமும்

பள்ளியிலுள்ள நேரம் அளவுடையது, நல்லாசிரியர் தொகை அளவுடையது, பணமும் அளவுடையது. ஒன்றுக்குக் கொடுத்தது மற்றொன்றிலிருந்து எடுத்ததே. அழிவதையும் ஆவதையும் சீர்தூக்கிய பின்பே வினையில் இறங்கல் வேண்டும் என்பதைத் திருக்குறள் ‘தெரிந்துசெயல்வகை’ என ஓர் அதிகாரமாகவே வகுத்திருக்கிறது. முன்னுரிமை என்று இக்காலத்தார் கூறுவது அதுவே.

1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு ஒரு காலத்தில் இம்முன்னுரிமையை முற்றும் விழுங்கியிருந்தது. சிறந்த ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டுக்கு அனுப்பப்பட்டனர். அனைத்துப் பாடங்களிலும் ‘ஏ’ பெறுவார் எனக் கருதப்பட்டோர்க்கு மாலை வகுப்பு, விடுமுறை வகுப்பு, விடுதி முகாம். எஞ்சியோர் பின்வரிசை. தேர்வைப் பழித்தோர் அன்று பலர். 2019இல் அத்தேர்வு இறுதியாக நடைபெற்றது. 2021இல் அது அகற்றப்பட்டது. இனிக் கடைசி வரிசைப் பிள்ளைக்கு விடியும் என்று எதிர்பார்த்திருக்கலாம். விடிந்ததா?

தேர்வு போன இடத்தில் பதக்கம் வந்து அமர்ந்தது. புத்தாக்கப் போட்டி, அனைத்துலகக் கண்காட்சி, தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம் என நாளேடுகளில் நாள்தோறும் படம். அறிவியல் ஆர்வம் வளர்வதைப் பழிப்பார் யாரும் இலர். பிள்ளையின் கையால் பிறந்த கருவி எளியதாயினும் போற்றத்தக்கதே. ஆனால், பங்கேற்போருள் பெரும்பாலோர்க்கு ஏதேனும் ஒரு பதக்கம் கிடைக்கும் போட்டிகளும் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். கருவியைச் செய்தவர் யார், விளக்கவுரையை எழுதியவர் யார் என்பதையும் அறிவர். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்ட இயன்ற வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலும் அக்குழுவில் இடம்பெறுகின்றனர் என்பதையும் அறிவர். அறிந்தும், நான்கு பிள்ளைகளுக்காக இரண்டு ஆசிரியர்கள் வாரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறும்பொழுது, அவர்கள் விட்டுச் சென்ற முப்பது பிள்ளைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அம்முப்பதின்மருள் ஒருவன் மூன்றாம் ஆண்டு மாணவன் எனக் கொள்வோர் அவனை உற்று நோக்கட்டும். உயிர்மெய் அட்டவணையை அவன் பாட்டுப்போல் ஒப்பிப்பான். அட்டவணையிலிருந்து ஓர் எழுத்தைப் பிரித்துக் காட்டினால் விழிப்பான். கொம்பும் காலும் சேர்ந்து வரும் ‘கொ’வையும் ‘கோ’வையும் வேறுபடுத்த அறியான். லகர ளகர ழகரம் மூன்றும் அவன் செவிக்கு ஒன்றே. கரும்பலகையில் உள்ளதைப் பிழையறப் பார்த்தெழுதுவான். ஆதலின் அவனுடைய ஏடு அழகாயிருக்கும். ஏட்டை மட்டும் பார்ப்பவர்க்கு அவன் கற்றவன். எழுதியதைப் படிக்கச் சொன்னால்தான் உண்மை வெளிப்படும். படிக்கச் சொல்வார்தாம் இல்லை.

வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை 1 முதல் 6 வரை பதியப்படுகிறது. தொடக்கநிலையைத் தாண்டாத பிள்ளைக்கு 1 எனப் பதிந்தால் ‘ஏன்’ என்னும் கேள்வி வரும். 3 எனப் பதிந்தால் வராது. கேள்விக்கு அஞ்சி 3 எனப் பதியச் சொல்லும் தலைமை, கோயில் நகையில் தங்கத்துக்குப் பதில் பித்தளையை வைத்துவிட்டுப் பட்டியல் சரியாக இருக்கிறது என்று கையொப்பமிடும் அறங்காவலரை ஒத்தது. இரண்டும் திருட்டே. நகை போனால் புதிது செய்யலாம். குழந்தையின் ஆண்டு போனால் மீளாது.

மறுப்புரைகள்

‘பதக்கம் பள்ளிக்குப் பெயர் தரும்; பெயர் வந்தால் மாணவர் தொகை பெருகும்’ என்பார் உளர். ஒரு காலத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை இன்று எண்பதாயிரத்தை ஒட்டிச் சுருங்கியிருக்கிறது. பதக்கங்கள் பெருகிய அதே காலத்தில்தான் இச்சுருக்கமும் நிகழ்ந்தது. பிறப்பு விகிதக் குறைவும் இதற்குக் காரணமே. ஆயினும், தெருவில் இரண்டு தாய்மார் பேசிக்கொள்வது பதக்கத்தைப் பற்றியன்று. ‘உங்கள் பிள்ளை படிக்கிறானா?’ என்பதே அவர்களுடைய கேள்வி. ‘மூன்றாம் ஆண்டு முடியப் போகிறது, இன்னும் படிக்கவில்லை’ என்னும் ஒரு விடை பத்துப் பதக்கப் படங்களைப் பொய்யாக்கிவிடும்.

‘சுற்றறிக்கைகளுக்கும் இயங்கலைப் பதிவுகளுக்கும் விடையளிக்கவே நாள் போதவில்லை, வகுப்புக்குள் செல்ல நேரமேது?’ என்பார் உளர். சுமை உண்மையே. ஆனால், அதே தலைமையாசிரியர்க்குப் பரிசளிப்பு விழா மேடையின் திரைச்சீலை நிறத்தைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கிறது. புலனக் குழுவில் வாழ்த்துரைகளுக்கு நன்றி கூற நேரம் கிடைக்கிறது. நேரமின்மை என்பது பல வேளைகளில் வரிசையின்மைக்கு இடப்பட்ட வேறு பெயர்.

‘பெற்றோர் பொறுப்பற்றவர், பள்ளி என்ன செய்யும்?’ என்பாரும் உளர். பொறுப்பான பெற்றோர் உள்ள பிள்ளைக்குப் பள்ளி இல்லாவிடினும் வழி பிறக்கும். பள்ளி தோன்றியதே மற்றப் பிள்ளைக்காக. மழையில் நனையாதவர்க்கு மட்டும் குடை கொடுப்போம் என்பது என்ன நியாயம்?

‘அரசாங்கம் போதிய நிதி தரவில்லை’ என்பது நான்காவது மறுப்பு. நிதிக்கான போராட்டம் தொடர வேண்டியதே. ஆயின், முதலாம் ஆண்டுக்குத் தலைசிறந்த ஆசிரியரை அனுப்புவதற்கு நிதி வேண்டுவதில்லை. கால அட்டவணையில் ஒரு பெயரை மாற்றி எழுதும் துணிவே வேண்டும்.

பயிற்சி இல்லை என்றும் சொல்வதற்கில்லை. கல்வி நிருவாகிகளுக்கெனத் தோன்றிய பயிற்சி நிலையம், இன்றைய அமினுடின் பாக்கி கழகம், 1979 முதல் இயங்கி வருகிறது. 2013இல் வெளிவந்த தேசியக் கல்விப் பெருந்திட்டத்தின் 11 மாற்றங்களுள் ஐந்தாவது, ஒவ்வொரு பள்ளிக்கும் உயர்செயல்திறன் வாய்ந்த தலைவர் வேண்டும் என்பதே. ‘தலைமைத்துவம்’ என்னும் சொல் கூட்டங்களில் ஒலிக்கும் அளவுக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது என்னும் தெளிவே குறைந்திருக்கிறது.

கேட்பவர் மாறினால் கணக்கும் மாறும்

குற்றம் தலைமையாசிரியரோடு முடிவதன்று. மாவட்டக் கல்வி அலுவலகமும், மாநில அமைப்பாளரும், பள்ளி வாரியமும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும், தமிழ் நாளேடுகளும் எதைக் கேட்கின்றனவோ அதையே பள்ளி விளைவிக்கும். ‘எத்தனைப் பதக்கம்?’ என்று கேட்கும் அதிகாரிக்குப் பதக்கம் கிடைக்கும். ‘உங்கள் மூன்றாம் ஆண்டில் படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர்? சென்ற ஆண்டு எத்தனை பேர்? குறைத்தது எவ்வாறு?’ என்று கேட்பவர் வந்தால், ஒரே பருவத்தில் பள்ளிகளின் நடை மாறும். அக்கேள்விக்கு மெய்யான விடையளிக்கும் தலைமையாசிரியரைத் தண்டியாமல் துணை நிற்பதும் மாவட்டத்தின் கடமை. உண்மை உரைத்தவர்க்கு வசையும், பொய் பதிந்தவர்க்கு நற்சான்றிதழும் கிடைக்குமாயின், பொய்யே பெருகும்.

ஒரே மாவட்டத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி இடமின்றி நெருங்குகிறது. நான்கு கல் தொலைவில் மற்றொன்று முப்பது பிள்ளைகளோடு வாடுகிறது. ஒரு பள்ளியில் வாசிப்புக் கற்பிப்பதில் தேர்ந்த ஆசிரியர் இருக்கிறார். அடுத்த பள்ளிக்கு அவருடைய முறை தெரியாது. தத்தம் பள்ளிக்கு வேலி கட்டிக்கொள்ளும் தலைவர்களால் இக்குறை நீங்காது. தேர்ந்தவரை வாரத்தில் ஒரு நாள் அண்டைப் பள்ளிக்கு அனுப்ப உடைமையாளர்க்கு மனம் வராது, அறங்காவலர்க்கு வரும். ஏனெனில், அண்டைப் பள்ளிப் பிள்ளையும் அதே நகைப் பட்டியலில் உள்ள மணியே என்பதை அவர் அறிவார்.

செய்யத்தக்கன

செய்ய வேண்டுவன பெரிய செயல்கள் அல்ல. பள்ளியின் தலைசிறந்த ஆசிரியர் முதலாம் ஆண்டில் நிற்கட்டும். முதல் மூன்று ஆண்டுகளிலும் பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் தனியே வாசிப்பதைத் தலைமையாசிரியரே செவிமடுக்கட்டும். 300 மாணவர் பயிலும் பள்ளியில் இம்மூன்றாண்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ 150 பேர். ஒருவர்க்கு 5 நிமிடம் எனின் மொத்தம் 750 நிமிடம். நாள்தோறும் அரைமணி ஒதுக்கினால் 25 பள்ளி நாள்களில், அதாவது ஐந்தே வாரத்தில் முடியும். ஐந்து வாரத்தின் இறுதியில், எந்தக் கோப்பும் தராத அறிவு அத்தலைமையாசிரியர்க்கு வாய்த்துவிடும். பிள்ளையின் பெயரும் குரலும் இடறும் எழுத்தும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

போட்டிக்கு ஒப்புதல் தருமுன், ‘இதில் யார் பங்கு பெறுவர்? யாருடைய பாடவேளை இதற்குச் செலவாகும்?’ என்னும் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேட்கட்டும். தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுப்படியில் மூன்றாம் நாளே ஓர் ஆசிரியரின் காலடி படட்டும். மலாய்மொழி கற்பிக்க வந்திருக்கும் மலாய் ஆசிரியரை விருந்தினராக ஒதுக்கி வைக்காமல், அப்பிள்ளைகளின் எதிர்காலத்துக்குப் பொறுப்பான உடன்பணியாளராக மதிக்கட்டும். மலாய்மொழியில் தேறாமையால், இடைநிலைப்பள்ளி வாசலில் ஓராண்டைப் புகுமுக வகுப்பில் கழித்த தமிழ்ப் பிள்ளைகள் எண்ணற்றோர். இறுதியாக, பணி மாறிச் செல்லும் நாளில் அடுத்தவரிடம் சாவிக்கொத்தோடு ஒரு பட்டியலும் கொடுக்கட்டும்: இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இவர்கள், செய்தவை இவை, செய்யாது விட்டவை இவை.

தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபொழுது தமிழ்ச் சமுதாயம் மகிழ்ந்தது. மகிழ்ந்தது முறையே. ஆனால், நீதிமன்றம் பள்ளியின் கதவைத் திறந்து வைக்க இயலும். உள்ளே அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு எழுத்துக் கூட்டக் கற்பிக்க இயலாது. அப்பணிக்கு வேறு நீதிபதி இல்லை, தலைமையாசிரியரே உண்டு.

இன்று ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் பயிலும் மாணவருள் சிலர் நாளை அந்நாற்காலியில் அமர்வர். அவர்களுடைய பெயரும் ஏதேனும் ஒரு நுழைவாயிற் கல்லில் பொறிக்கப்படலாம். வண்ணம் மாறும்பொழுது அக்கல் பெயர்க்கப்படவும் கூடும். அடுக்குமாடி வீட்டில், இரவு வேலைக்குப் புறப்படும் தந்தைக்கு ஒரு சிறுவன் செய்தித்தாளின் தலைப்பைத் தடையின்றிப் படித்துக் காட்டுவானாயின், அப்பள்ளியின் அறங்காவலர் கணக்கை நேர் செய்தவர் ஆவார். வேறு கணக்கு எதுவும் அவர் காட்ட வேண்டுவதில்லை.